உப்புக் காற்றில் போன போர்டு: பழவேற்காட்டிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் வரை

பழவேற்காட்டில் கல் நிலைக்கும், இரும்பு நிலைக்காது. டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைகளில் செதுக்கிய 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. அதே ஊரில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் ரிம்மும் சில வருஷங்களில் பொரிந்து உதிர்கின்றன. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல்; எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு. இந்தக் காற்றில் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன்.

பொன்னேரி பஸ் வந்து நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. பெயருக்குத்தான் ஜெராக்ஸ். ரேஷன் கார்டு திருத்தம், பிள்ளைகளின் உதவித்தொகை, மீனவர் நலவாரிய விண்ணப்பம் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால், நிவாரணப் பணத்துக்காக வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் நகலெடுக்கக் கூட்டம் சேரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மட்டுமல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் கடைக்கு வருமானம் போகிறது. காத்திருக்கிறவர்களுக்கு அரை நாள் தொழில் போகிறது.

நான் போன நேரம் கடையின் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு மேசை மேல் கிடந்தது.

"ஃபேன் சுத்துது சார், டிஸ்ப்ளே வரல" என்றார் கடைக்காரர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பாய்தான்; நானும் அப்படியே கூப்பிட்டேன். மெஷினைப் பார்த்துக்கொள்வது ஐ.டி.ஐ. முடித்த அவருடைய தங்கச்சி மகன். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டுவிட்டான். பக்கத்து மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கொடுத்துப் பார்த்துவிட்டான். பிராசசரைப் பொன்னேரியில் வேறொரு போர்டில் வைத்துப் பார்த்ததில் நன்றாகவே ஓடியதாம். போனது மதர்போர்டுதான்.

போர்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். பின்பக்க யுஎஸ்பி வாய்களில் பழுப்புத் துரு. பேட்டரி உட்காரும் இடத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. சாக்கெட்டை ஒட்டிய சிறு பாகங்களின் கால்களில் வெள்ளைப் பொருக்கு. பிராசசரின் மேலிருந்த பேஸ்ட்டைத் துடைத்தால், அது மட்டும் நேற்று வாங்கியதுபோல் மின்னியது.

இதற்குக் காரணம் உப்பின் குணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ஏரிக்கரையில் ராத்திரியும் விடியற்காலையும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சகஜம். பகலெல்லாம் கேபினட் ஃபேன் உள்ளே இழுத்துப் போட்ட உப்புத் துகள், மெஷினை அணைத்துக் குளிர்ந்த பிறகு போர்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. காலையில் சுவிட்ச் போட்டதும் அந்தப் படலத்தின் வழியே ஒரு செம்புத் தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசிகிறது. செம்பு அரிக்கத் தொடங்குகிறது. பிராசசருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் சிலிக்கான் உலோக மூடிக்குள் இருக்கிறது. அடியில் உள்ள தொடுபுள்ளிகள் தங்க முலாம் பூசியவை. சாக்கெட்டில் அழுத்தி மூடியிருப்பதால் காற்றும் அதிகம் படுவதில்லை. ஆகவே இந்தக் கரையில் சிப்பு தங்கும், போர்டு போகும்.

மூடியில் எழுதியிருப்பது

பிராசசரின் மூடியை மொபைல் டார்ச்சில் சாய்த்துப் பிடித்தோம். கோர் ஐ3-3220, 3.30 கிகாஹெர்ட்ஸ், அதோடு எஸ்ஆர்0ஆர்ஜி என்ற குறி. பழைய போர்டு தேடுகிறவருக்கு ஜாதகம் இந்த எழுத்துதான். 3220-இல் முதல் 3 என்பது தலைமுறை. 2120 என்றிருந்தால் 2ஆம் தலைமுறை. 4130 என்றால் 4. 6100 என்றால் 6. எந்தத் தலைமுறை என்று தெரிந்தால் எந்தச் சாக்கெட் என்று தெரிந்துவிடும். 2க்கும் 3க்கும் 1155. 4க்கு 1150. 6க்கும் 7க்கும் 1151. இதற்கெல்லாம் முந்தைய, மூன்றே இலக்கம் கொண்ட முதல் தலைமுறை ஐ3க்கு 1156. கோர் 2 டுயோ காலத்துக்கு 775. இந்த எண்கள் சாக்கெட்டில் உள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. 1155க்கும் 1156க்கும் ஒரே ஒரு முனைதான் வித்தியாசம் என்றாலும், பிராசசரின் ஓரத்தில் உள்ள வெட்டுகள் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் உட்காராது.

"1155ன்னு கேட்டு வாங்கிட்டா முடிஞ்சுது" என்றான் தம்பி.

பாய் சிரித்தார். "பத்து ஹெச்பி இன்ஜினுக்கு எல்லா பத்து ஹெச்பி பிஸ்டனும் சேந்துடுமாடா? கம்பெனி, மாடலு, வருசம் பாக்க வேணாம்?"

படகு இன்ஜினைப் பார்த்துப் பழகிய ஊருக்கு இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. சாக்கெட்டில் உட்காருவது வேறு, ஓடுவது வேறு. அதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை பார்த்தோம்.

மாடிப்படி ஏறினால்தான் பழசு

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், கூவத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். அண்ணா சாலைக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, காசினோ தியேட்டர் பக்கத்தில் தொடங்குகிறது சந்தை. ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரே பெயரில் சொன்னாலும், நரசிங்கபுரம், மீரான் சாகிப் தெரு என்று சந்துக்குச் சந்து பரவிக் கிடக்கிறது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தூரத்து ஊர்க்காரர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். தெருவைப் பார்த்த கடைகளில் கண்ணாடிப் பெட்டியில் புதுச் சரக்கு. பழைய போர்டு வேண்டுமானால் குறுகலான மாடிப்படி ஏற வேண்டும்.

முதலில் ஏறிய கடையில் போர்டுகளைப் புத்தகம்போல் நிற்க வைத்து அடுக்கியிருந்தார்கள். "1155 இருக்கா அண்ணா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒன்று மேசைக்கு வந்துவிட்டது. பெரிய அலுவலகமொன்றிலிருந்து மொத்தமாகக் கழித்த மெஷினில் இருந்ததாம். பார்க்கச் சுத்தமாக இருந்தது, விலையும் குறைவு. சிப்செட், அதாவது போர்டைக் கட்டுப்படுத்தும் சிப்பு, க்யூ65. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இன்டெலின் 6 வரிசை சிப்செட்களில் எச்61 போன்றவை 3ஆம் தலைமுறையை ஏற்கும். அலுவலகங்களுக்கென்று செய்த க்யூ65, க்யூ67, பி65 மூன்றும் ஏற்பதில்லை. சாக்கெட் அதே 1155தான், பிராசசர் அழகாக உட்காரும், ஆனால் திரையில் எதுவும் வராது. தம்பியின் சிப்பு 2120 ஆக இருந்திருந்தால் அதே போர்டு நல்ல பேரம்.

ஆபீஸ் மெஷின் போர்டுகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பவர் பட்டன் வயரைச் செருகும் முனைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் வழக்கமான 24 முனை பவர் ப்ளக்குக்குப் பதில் 8 முனைதான் இருக்கும். போர்டை மட்டும் மலிவாக வாங்கிப்போனால், அதற்கென்று எஸ்எம்பிஎஸ்ஸும் கேபிளும் தேடி அலைய வேண்டியதுதான்.

அடுத்த கடையில் எச்61. சிப்செட் சரி. ஆனால் எச்61 வந்தது 2011-இல். ஐ3-3220 வந்தது 2012-இல். முன்னதாக வெளிவந்த போர்டுக்குப் பின்னால் பிறந்த சிப்பை அடையாளம் தெரியாது. போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் தெரிந்துகொள்ளும். ஆனால் பயாஸைப் புதுப்பிக்க மெஷின் ஓட வேண்டும். ஓடுவதற்கு 2ஆம் தலைமுறை சிப்பு ஒன்று வேண்டும். வீட்டில் ஒரே சிப்பு வைத்திருப்பவர் "போர்டு டெட்" என்று முடிவுகட்டித் திருப்பிக்கொடுப்பது இதனால்தான். கடைக்காரரோ மேசை டிராயரிலிருந்து ஒரு ஐ3-2100-ஐ எடுத்து வைத்தார். "போட்டு அப்டேட் பண்ணித் தர்றேன், நீங்க பாத்துட்டு எடுத்துக்குங்க" என்றார். பழைய போர்டு விற்கும் கடையில் இப்படி ஒரு சிப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே அவர் தொழில் தெரிந்தவரா என்று தெரிந்துவிடும்.

அந்தக் கட்டில் இன்டெல் பெயரிலேயே வந்த போர்டுகளும் இருந்தன. நல்ல உழைப்பாளிகள். ஆனால் டெஸ்க்டாப் போர்டு தொழிலை விடுவதாக இன்டெல் 2013 ஜனவரியில் அறிவித்தது. பழைய போர்டுகளுக்கான பயாஸ், டிரைவர் கோப்புகளையும் 2019 இறுதியில் தன் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. அந்தப் போர்டை எடுப்பதானால் தேவையான பயாஸ் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது இடத்தில் பளபளக்கும் பெட்டியில் புத்தம்புது எச்61. "பழசுக்கு ஏன் அலையறீங்க, வாரண்டியோட புதுசு இருக்கே" என்றார்கள். அட்டை புதுசுதான், அதன்மேல் உள்ள சிப்செட் பல சமயம் பழைய போர்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து ஒட்டியது. அதனால் ஒதுக்க வேண்டும் என்பதில்லை. கையில் வாரண்டிச் சீட்டு இருக்கிறது என்பது கிராமத்துக் கடைக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மலிவான போர்டுகளில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மெலிந்திருக்கும். 55 வாட் இழுக்கும் 3220க்குப் போதும். நாளைக்கு அதிகம் இழுக்கும் ஐ7 மாற்றலாம் என்று கனவு காண்பவருக்குப் போதாது.

இன்னொரு அடுக்கில் பி67 ஒன்று கண்ணில் பட்டது. கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த, திடமான போர்டு. பின்பக்கத்தைத் திருப்பினால் மானிட்டர் செருகவே இடமில்லை. அந்தச் சிப்செட், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸைப் பயன்படுத்த விடாது. தனி கார்டு வாங்கியாக வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு அது தேவையில்லாத செலவு.

பி75 மேசைக்கு வந்தது

கடைசியாக, ஒரு பெரியவர் நடத்தும் சின்னக் கடையில் பி75 கிடைத்தது. 2012-இல் 3ஆம் தலைமுறையோடு சேர்ந்தே வந்த சிப்செட் இது. பயாஸ் பஞ்சாயத்து கிடையாது. எச்61-இல் உள்ள சாட்டா வாய்கள் எல்லாம் 3 கிகாபிட் வேகம். பி75-இல் ஒன்றாவது 6 கிகாபிட். எஸ்எஸ்டி வைத்தால் அதன் முழு வேகம் கிடைக்கும். யுஎஸ்பி 3-ம் சிப்செட்டிலேயே இருக்கிறது. தம்பி கையோடு கொண்டுவந்த டிடிஆர்3 ரேம் இதற்கும் சேரும். பழைய ஹீட்சிங்க்கும் சேரும். 1155, 1156, 1150, 1151 எல்லாவற்றுக்கும் ஹீட்சிங்க் துளை அளவு ஒன்றுதான்; 775க்குத்தான் வேறு.

"எடுத்துக்கலாமா அண்ணா?" என்றான் என்னிடம்.

"முதல்ல சாக்கெட்டைப் பாரு" என்றேன்.

இன்டெல் போர்டில் முனைகள் சிப்பில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. மயிரிழை போன்ற அவற்றில் ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போகலாம், டிஸ்ப்ளேயே வராமலும் போகலாம். மொபைல் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் எல்லா முனைகளும் ஒரே சாய்வில் வரிசையாக மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதில் வரிசை ஒழுங்காக இருந்தது.

அடுத்து கெப்பாசிட்டர்கள், தலை உப்பியிருக்கக் கூடாது. அடுத்து அடிப்பக்கம், சிப்செட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பாக மஞ்சள் கறை இருந்தால் யாரோ சூடுகாட்டி வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடலோரத்துக்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: பின்பக்க வாய்களில் துரு. சென்னையும் கடலோரம்தான், அங்கே உப்பு தின்ற போர்டை வாங்கி இங்கே கொண்டுவந்து வைத்தால் அதன் ஆயுள் பாதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

பிறகு சோதனை. கடைக்காரரின் சிப்பில் ஓடுகிறது என்பது சாட்சியாகாது. நம்முடைய பிராசசர், நம்முடைய ரேம், நம்முடைய பென்டிரைவ். பெரியவர் முகம் சுளிக்காமல் டெஸ்ட் மேசையில் இடம் கொடுத்தார். டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய் பிராசசர் பெயர் 3220 என்று காட்டுகிறதா, ரேம் அளவு முழுதாக வருகிறதா என்று பார்த்தோம். ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிச் செருகினோம். பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி, நெட் கேபிள், ஒவ்வொரு யுஎஸ்பி வாய், சத்தம் எல்லாம் சரிபார்த்தோம். தேதியைத் திருத்தி, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போட்டோம், தேதி நின்றது. அரை மணி நேரம் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். சூடேறிய பிறகு அணைகிற போர்டுகள் முதல் ஐந்து நிமிஷத்தில் காட்டிக்கொடுப்பதில்லை.

திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பேரம் பேசினான், கொஞ்சம் குறைந்தது. செத்த போர்டையும் கொடுத்ததில் இன்னும் கொஞ்சம் கழிந்தது. உதிரிபாகத்துக்காக அவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஏரிக்கரைக் குப்பையில் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு மாச வாரண்டியை வாயால் சொன்ன பெரியவரிடம், பில்லில் போர்டின் மாடலையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்கினோம். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கேட்டு வாங்கிப் போட்டு, நிலைமின்சாரம் தாக்காத உறையில் வைத்துத்தான் ரயிலேறினோம்.

இனி உப்பிடமிருந்து காப்பாற்றுவது

கடையில் புதுப் போர்டு ஏறியதும் பாய் கேட்ட கேள்வி: "இது எத்தினி வருசத்துக்கு?" பதில் போர்டில் இல்லை, அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. கேபினட் இதுவரை தரையில், ஏரிக் காற்று நேராக வரும் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதை உள்சுவர்ப் பக்கம், மேசை உயரத்துக்கு மாற்றினார்கள். வேலை இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும்; உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பூத்த இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைக்கலாம். போர்டின் மேல் அடிக்கும் அக்ரிலிக் பூச்சு ஸ்பிரேயும் கிடைக்கிறது; சாக்கெட், ரேம் ஸ்லாட், செருகும் வாய்கள் எதன்மீதும் அது படக் கூடாது.

எல்லாச் சிப்புக்கும் இப்படி அலைய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழிக்கும் 4, 6, 7ஆம் தலைமுறை மெஷின்கள் முழுசாகவே சந்தைக்கு வருகின்றன. 775 போர்டு தேடிப் பணத்தைப் போடாதீர்கள். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் முழு மெஷினே கிடைக்கும். 8ஆம் தலைமுறைச் சிப்பு வைத்திருப்பவர்கள் 1151 என்ற எண்ணை மட்டும் நம்பி 100, 200 வரிசை போர்டை வாங்காதீர்கள். எண் ஒன்றானாலும் அதில் ஓடாது, 300 வரிசைதான் வேண்டும். 2, 3, 4ஆம் தலைமுறைச் சிப்பும் ரேமும் கையில் நல்ல நிலையில் இருந்து, போர்டின் விலை ஒரு முழுப் பழைய மெஷினின் விலையில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் தாராளமாக மாற்றலாம். லினக்ஸ் போட்டால் விண்ணப்பம் நிரப்பவும் நகல் எடுக்கவும் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

கடலோரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசரின் முழு எண், போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு, ரேம் வகை இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டிஸ்ப்ளே போன பிறகு திரையில் எதையும் படிக்க முடியாது. அந்தத் தாளோடு போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரும் உங்களுக்குப் பொருந்தாத போர்டை விற்க முடியாது.